நிலக்கரிச் சுரங்கத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆய்வு வருகிறதா? புதிதாகச் சேர்ந்த சுற்றுச்சூழல் அலுவலருக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் பொறியியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ படித்துவிட்டு ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்கிற தமிழ்ப் பிள்ளைகள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே "வாரியத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், தயாராக இருங்கள்" என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எதற்குத் தயாராவது என்று சொல்லித் தர ஆள் இருக்காது. முன்பு இருந்த அலுவலர் மாற்றலாகிப் போயிருப்பார், கோப்புகள் நாலு அறைகளில் சிதறிக் கிடக்கும். ஒடிசாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் இதையெல்லாம் நான் தட்டுத் தடுமாறித்தான் கற்றேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று எழுதுகிறேன்.

இங்கே பேசப்போவது குழியைப் பற்றியல்ல, அதற்கு மேலே இருக்கும் வசதிகளைப் பற்றி. நிலக்கரியை நொறுக்கி அனுப்பும் சிஎச்பி, ஸ்டாக்யார்டு, ரயில்வே சைடிங், எடைமேடை, வொர்க்‌ஷாப், டீசல் பங்க், வண்டி கழுவும் இடம், வண்டல் குட்டைகள், குடியிருப்பின் கழிவுநீர் நிலையம். அதிகாரிகள் குழியை வியூ பாயின்ட்டில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். நோட்டீஸில் எழுதும் குறைகளில் பெரும்பகுதி மேலே கிடைப்பவைதான்.

1. வருவது யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வட்டார அலுவலகத்திலிருந்து வந்தால் அவர்கள் கையில் இருப்பது உங்கள் சிடிஓ, அதாவது 1974 நீர்ச் சட்டத்திலும் 1981 காற்றுச் சட்டத்திலும் வாங்கிய இயக்க இசைவாணை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஒருங்கிணைந்த வட்டார அலுவலகத்திலிருந்து வந்தால் ஈசி, அதாவது சுற்றுச்சூழல் அனுமதி. ஒடிசாவுக்கு அந்த அலுவலகம் புவனேஸ்வரில், ஜார்க்கண்டுக்கு ராஞ்சியில், சத்தீஸ்கருக்கு ராய்ப்பூரில் இருக்கிறது. டிஜிஎம்எஸ், அதாவது சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் வந்தால் அது பாதுகாப்பு ஆய்வு. அதற்கு வேறு கோப்பு, வேறு ஆட்கள். இந்த மூன்றையும் அலுவலகத்தில் பொதுவாக "இன்ஸ்பெக்‌ஷன்" என்றே சொல்வார்கள். போன் செய்து கேட்டுவிடுங்கள்.

எதற்காக வருகிறார்கள் என்பதும் முக்கியம். வழக்கமான ஆய்வா, ஊர்க்காரர் கொடுத்த புகாரா, சிடிஓ புதுப்பிப்பா, உற்பத்தி விரிவாக்கத்துக்குக் கேட்ட சான்றளிக்கப்பட்ட இணக்க அறிக்கையா? புகார் என்றால் அந்த ஒரு இடத்தைத்தான் துருவுவார்கள். விரிவாக்கம் என்றால் ஈசியின் ஒவ்வொரு நிபந்தனையையும் வரிசையாகக் கேட்பார்கள், நாள் முழுக்கப் போகும்.

2. நிபந்தனைகளை நீங்களே ஒரு அட்டவணையாகப் போடுங்கள்

ஈசி கடிதத்தையும் சிடிஓவையும் எடுத்து, ஒவ்வொரு நிபந்தனையையும் எக்ஸெலில் ஒரு வரியாக எழுதுங்கள். பக்கத்துக் கட்டங்களில் அது எந்த இடத்தில் நிறைவேறுகிறது, யார் பொறுப்பு, எந்தப் பதிவேடு காட்டுகிறது, தேதி போட்ட புகைப்படம் எங்கே என்று நிரப்புங்கள். சலிப்பான வேலைதான், இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஆனால் பழைய இணக்க அறிக்கையை அப்படியே நகலெடுத்து வைத்திருப்பவர்கள் எல்லாரும் இங்கேதான் சிக்குவார்கள். "கன்வேயர் முழுவதும் மூடப்பட்டுள்ளது" என்று அறிக்கை பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். போய்ப் பார்த்தால் போன மழைக்காலக் காற்றில் பறந்த தகடுகளை யாரும் திருப்பிப் போட்டிருக்க மாட்டார்கள்.

"நிறைவேற்றப்பட்டது" என்று எழுத முடியாத இடத்தில் எழுதாதீர்கள். "பணி நடக்கிறது, பர்ச்சேஸ் ஆர்டர் இந்தத் தேதியில் கொடுத்தாயிற்று, இந்த மாதம் முடியும்" என்று ஆதாரத்தோடு எழுதினால் பெரும்பாலான அதிகாரிகள் ஏற்றுக்கொள்கிறார்கள். பொய் எழுதி மாட்டினால் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள்.

அட்டவணையில் முதலில் சரிபார்க்க வேண்டிய எண் உற்பத்தி அளவு. ஈசியில் ஒரு அளவு, சிடிஓவில் ஒரு அளவு, சிஎச்பியின் நொறுக்கும் திறனுக்கு ஒரு அளவு இருக்கும். நிதியாண்டுக் கணக்கில் எதையும் தாண்டியிருக்கக் கூடாது. ஒடிசாவின் இரும்பு, மாங்கனீசுச் சுரங்கங்கள் பற்றிய வழக்கில் 2017 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம், அனுமதிக்கு மேல் வெட்டிய கனிமத்தின் முழு விலையையும் கட்டச் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு எடைமேடைப் பதிவைப் பார்க்காமல் போகும் அதிகாரி அபூர்வம். பிப்ரவரி, மார்ச்சில் உற்பத்திப் பிரிவு வேகமெடுக்கும்போது மீதி எவ்வளவு என்று வாரம் ஒருமுறை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

3. கோப்பும் தேதிகளும்

ஆண்டு முழுவதும் நான்கு தேதிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஈசிக்கான அரையாண்டு இணக்க அறிக்கை ஜூன் 1, டிசம்பர் 1. அபாயகரக் கழிவுக்கான ஆண்டு அறிக்கை, படிவம் 4, ஜூன் 30. போன நிதியாண்டுக்கான சுற்றுச்சூழல் அறிக்கை, படிவம் 5, செப்டம்பர் 30. அனுப்பினால் போதாது, பெற்றுக்கொண்டதற்கான சான்று வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் ஏற்றியிருந்தால் ஒப்புகையை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். தளம் நாளைக்கு மாறலாம், கடவுச்சொல் மாற்றலாகிப் போனவரின் போனுக்குப் போகலாம்.

ஆய்வன்று மேசையில் இருக்க வேண்டியவை: ஈசி, சிடிஓ, அபாயகரக் கழிவு அங்கீகாரம், நிலத்தடி நீருக்கான தடையின்மைச் சான்று, கடைசி இரண்டு அரையாண்டு அறிக்கைகள், படிவம் 4, படிவம் 5, கடைசி 12 மாத ஆய்வக அறிக்கைகள், போன ஆய்வின் குறிப்பும் அதற்கு நீங்கள் கொடுத்த பதிலும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் மறக்கிறார்கள், அதிகாரி அதைக் கையோடு கொண்டுவருகிறார்.

சிடிஓ புதுப்பிப்பில் ஒரு கண்ணி. பெரும்பாலான மாநிலங்களில் கட்டணம் மூலதன முதலீட்டைப் பொறுத்தது, அதுவும் தேய்மானம் கழிக்காத மதிப்பு. அதற்கு ஆடிட்டர் சான்று வேண்டும். கணக்குப் பிரிவு அதைக் கொடுக்க ஒரு மாதம் எடுப்பது சாதாரணம். எத்தனை நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும் என்று சிடிஓவிலேயே எழுதியிருக்கும். அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே ஆடிட்டரைப் பிடியுங்கள்.

சுரங்கத்தை நடத்துவது ஒப்பந்த நிறுவனமாக இருந்தால் இன்னொரு கண்ணி. ஒப்பந்தக்காரர் தனக்கென்று ஒரு வொர்க்‌ஷாப், டீசல் டேங்கர், தொழிலாளர் முகாம் போட்டிருப்பார். உங்கள் அபாயகரக் கழிவு அங்கீகாரத்தில் அந்த வொர்க்‌ஷாப் இருக்காது, முகாமின் கழிவுநீர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. "அது அவங்க ஏரியா சார்" என்ற பதில் எடுபடாது. ஈசி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

4. நிலக்கரி போகும் வழியே நடந்து பாருங்கள்

ஆய்வுக்கு ஒரு வாரம் முன்பு, டம்பர் கொட்டும் ஹாப்பரில் தொடங்கி ரயில் பெட்டி வரை நடங்கள். ஜீப்பில் போகாதீர்கள். ஹாப்பர், கிரஷர், ஒரு கன்வேயரிலிருந்து இன்னொன்றுக்கு நிலக்கரி விழும் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் பாயின்ட், பங்கர், சைலோ, சைடிங். ஒவ்வொரு இடத்திலும் நின்று தண்ணீர்த் தெளிப்பைப் போடச் சொல்லுங்கள். பம்ப் ஓடும், பிரஷர் கேஜ் முள் ஏறும், ஆனால் நாசில்களில் பாதியில் தண்ணீர் வராது. கழற்றிப் பார்த்தால் வாயில் சேறும் கரித்தூளும் சேர்ந்து மெழுகு மாதிரி இறுகியிருக்கும். குழித் தண்ணீரை வடிகட்டாமல் ஏற்றினால் இப்படித்தான். வடிகட்டியின் விலை சொற்பம், அதை ஸ்டோரில் வாங்க வைப்பதுதான் பெரும்பாடு.

சைடிங்கில் கீழே சிந்திய நிலக்கரி, ஸ்டாக்யார்டில் புகையும் குவியல், தார்ப்பாய் இல்லாத லாரி, சக்கரம் கழுவும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போக டிரைவர்கள் போட்ட குறுக்கு வழி. இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை, போனவுடன் கண்ணில் படும். குவியல் புகைந்தால் ஆய்வுக்கு முதல் நாள் மண்ணைப் போட்டு மூடாதீர்கள். பழைய சரக்கை முதலில் அனுப்பச் சொல்லி, சூடான பகுதியை எக்ஸ்கவேட்டரால் பிரித்துப் போட்டு ஆறவிட வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும் என்பதால்தான் ஒரு வாரம் முன்பு நடக்கச் சொல்கிறேன்.

தண்ணீர் லாரிப் பதிவேட்டை அன்றே எடுத்துப் புரட்டுங்கள். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, தினமும் ஒரே எண்ணிக்கை டிரிப். அதில் கனமழை பெய்த நாளிலும் அதே டிரிப் இருக்கும். மழைமானிப் பதிவும் உங்களிடம்தான் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதிகாரிக்கு ஐந்து நிமிடம் போதும். ஆய்வன்று காலையில் சாலையில் தண்ணீரை ஊற்றிக் குளமாக்குவதும் இதே ரகம். சாலை ஈரமாக இருக்கும், ஓரத்து மரத்தில் கரி அப்பியிருக்கும். இலையை விரலால் தடவிவிட்டு எதுவும் பேசாமல் குறித்துக்கொண்ட அதிகாரியை நான் பார்த்திருக்கிறேன்.

டீசல் ஜெனரேட்டரை மறக்க வேண்டாம். புகைக்குழாய் கட்டடத்துக்கு மேல் எவ்வளவு உயர வேண்டும் என்பதற்குச் சூத்திரம் உண்டு: ஜெனரேட்டரின் கேவிஏ திறனின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்க வேண்டும். 250 கேவிஏ என்றால் கூரைக்கு மேல் சுமார் 3.2 மீட்டர். டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

5. தண்ணீர் போகும் வழி

இது மழைக்கு முன் ஒருமுறை, மழையில் ஒருமுறை செய்ய வேண்டிய வேலை. ஸ்டாக்யார்டைச் சுற்றிய வடிகால், மண்மேட்டை மாலை போலச் சுற்றி ஓடும் வடிகால், வண்டல் குட்டை, அங்கிருந்து ஓடைக்கு. வரைபடத்தில் எல்லாம் அழகாகச் சேர்ந்திருக்கும். தரையில் எங்கோ ஒரு குழாய் சரிந்து, கருப்புத் தண்ணீர் குட்டைக்குப் போகாமல் நேராக வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஊர்க்காரர் புகாரில் பாதி இதிலிருந்து வருவது. மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு எல்லைச்சுவரை வெளிப்பக்கமாக ஒரு சுற்று சுற்றி வாருங்கள், எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும்.

குட்டையைத் தூர்வாருவதை மே மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஒடிசாவில் ஜூன் நடுவில் மழை பிடித்துவிடும், அப்புறம் இயந்திரம் இறங்காது. தூர்வாரிய அளவு, தேதி, முன்னும் பின்னும் எடுத்த படம், அள்ளிய வண்டலை எங்கே போட்டீர்கள் என்ற குறிப்பு, எல்லாம் கோப்பில் இருக்கட்டும்.

சிடிஓவில் "வெளியேற்றம் கூடாது" என்று இருக்கிறதா, "தரத்துக்குட்பட்டு வெளியேற்றலாம்" என்று இருக்கிறதா என்று இன்னொரு முறை படியுங்கள். முதல் வகை என்றால் சுத்தமான தண்ணீர் வெளியே போனாலும் மீறல்தான். வொர்க்‌ஷாப் நீருக்கு ஒரு விதி, குழித் தண்ணீருக்கு ஒரு விதி என்றும் இருக்கலாம்.

6. வொர்க்‌ஷாப்பும் எண்ணெயும்

இங்கேதான் நேரம் செலவழியுங்கள். டம்பர் கழுவும் மேடையிலிருந்து எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டிக்கும், அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கும் தண்ணீர் போகிறதா? தொட்டியில் மேலே மிதக்கும் எண்ணெயை எடுக்கும் குழாயைத் தொட்டுப் பாருங்கள். கையில் எண்ணெய் ஒட்டாமல் தூசி ஒட்டினால், அது மாதக்கணக்கில் ஓடவில்லை என்று அர்த்தம். மின் மீட்டர் எண்ணையும் பதிவேட்டில் உள்ள ஓடிய நேரத்தையும் ஒப்பிடும் வழக்கம் வாரியத்தாருக்கு உண்டு.

கழிவு எண்ணெய் பீப்பாய்கள் கூரையும் கசியாத தரையும் சுற்றுக்கட்டும் உள்ள இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் படிவம் 8 லேபிள் ஒட்ட வேண்டும். 2016 விதிப்படி 90 நாளுக்கு மேல் சேமித்து வைக்கக் கூடாது. ஏலம் போட்டு அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கும் நடைமுறை அதைவிட நீளமாகப் போய்விடும் என்பதால், ஆண்டுக்கு ஒரே ஏலம் என்று வைக்காமல் நீண்டகால ஒப்பந்தம் போடச் சொல்லிக் கேளுங்கள். எடுத்துச் சென்றவரின் அங்கீகாரம் அந்தத் தேதியில் செல்லுபடியானதா என்று பார்த்து, கழிவு எடுத்துச் செல்லப்பட்டதற்கான படிவம் 10 மேனிஃபெஸ்டோடு சேர்த்து வையுங்கள். படிவம் 3 இருப்புப் பதிவும் தரையில் நிற்கும் பீப்பாய் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். எண்ணெய்ப் பஞ்சு, பழைய ஃபில்டர், பேட்டரி இவற்றை ஸ்க்ராப் குவியலில் போட்டுவைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஸ்டோர் ஆட்களிடம் நயமாகச் சொல்லிப் பிரித்துவிடுங்கள்.

7. எண்களைச் சரியான அளவுகோலோடு ஒப்பிடுங்கள்

நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்று 2000 செப்டம்பர் 25இல் வெளியான தனித் தரநிலை இருக்கிறது. தூசி எழும் இடத்திலிருந்து காற்று வீசும் திசையில் சுமார் 500 மீட்டரில், 24 மணி நேரச் சராசரி பிஎம்10, அதாவது நுண்தூசி, புதிய சுரங்கங்களுக்குக் கன மீட்டருக்கு 250 மைக்ரோகிராம், பழையவற்றுக்கு 300. ஆனால் அந்த 500 மீட்டருக்குள் வீடோ கடையோ இருந்தால் தேசியக் காற்றுத் தரநிலைதான் பொருந்தும், அதில் பிஎம்10க்கு வரம்பு 100. ஊருக்குள் எடுத்த மாதிரியை 250 என்ற வரம்போடு ஒப்பிட்டு "தரத்துக்குள் உள்ளது" என்று எழுதிய அறிக்கைகள் எக்கச்சக்கம். உங்கள் ஒவ்வொரு நிலையத்துக்கும் எது பொருந்தும் என்று வரைபடத்தில் 500 மீட்டர் வட்டம் போட்டு முடிவு செய்யுங்கள்.

வெளியேறும் நீருக்கு பிஎச் 5.5 முதல் 9 வரை, மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம், எண்ணெய் 10, சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை) 250, நைட்ரேட் நைட்ரஜன் 10. சத்தம் பகலில் 75 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 70. உங்கள் ஈசியிலோ சிடிஓவிலோ இதைவிடக் கடுமையான எண் இருந்தால் அதுதான் செல்லும்.

ஆய்வக அறிக்கை வந்ததும் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துக் கோப்பில் போடாதீர்கள். ஆய்வகத்தின் என்ஏபிஎல் சான்று (ஆய்வகங்களுக்கான தர அங்கீகாரம்) அந்தத் தேதியில் உயிரோடு இருந்ததா, நீங்கள் செய்யச் சொன்ன சோதனை அந்தச் சான்றின் எல்லைக்குள் வருகிறதா, மாதிரி எடுத்த தேதி ஞாயிறா, சிஎச்பி நின்றிருந்த நாளா? கோடையிலும் மழையிலும் ஒரே எண் வந்தால் அந்த ஆய்வகத்தை மாற்றிவிடுவது நல்லது.

8. ஆய்வு நாள்

குழியில் வெடிவைக்கும் நேரத்தில் சாலையை மூடிவிடுவார்கள். எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டு, அதற்கு முன்னால் சிஎச்பி, பிறகு வொர்க்‌ஷாப் என்று வழியைப் போடுங்கள். ஹெல்மெட், ஷூ, ஜாக்கெட் அளவுக்குத் தகுந்தபடி தயாராக இருக்கட்டும். கூட்டமாகப் போகாதீர்கள். நீங்கள், சிஎச்பி பொறியாளர், ஒரு போட்டோ எடுப்பவர் போதும்.

அதிகாரி எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் அதே கோணத்தில் நீங்களும் எடுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். பம்ப் ஆபரேட்டரிடம் அவர் ஒடியாவில் நேரடியாகக் கேட்பார், நமக்குப் பாதி புரியாது. அந்த ஆபரேட்டருக்கு முந்தின நாள் பாடம் எடுக்காதீர்கள். மூன்று நாளாகப் பம்ப் ஓடவில்லை என்றால் அவர் அப்படியேதான் சொல்வார். பம்பைச் சரிசெய்து வைப்பதுதான் ஒரே வழி.

தண்ணீர் மாதிரி எடுத்தால் நீர்ச் சட்டம் 21ஆம் பிரிவு நினைவிருக்கட்டும். அந்த இடத்திலேயே உங்களுக்கு நோட்டீஸ் தர வேண்டும், மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒன்று வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போகும். இரண்டாவதையும் சட்டப்படியான ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்டால்தான் அனுப்புவார்கள். கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். பயந்துபோய் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒதுங்குவது வீண். நீங்கள் மறுத்ததைக் குறித்துவிட்டு அவர்கள் வேலையைத் தொடர்வார்கள், நீங்கள் இழப்பது அந்த இரண்டாவது மாதிரியைத்தான்.

9. ஆய்வுக்குப் பிறகு: இனி ஒவ்வொரு நாளும் பணம்

பல மாநிலங்களில் ஆய்வறிக்கையை 48 மணி நேரத்துக்குள் தளத்தில் ஏற்ற வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. தினமும் பாருங்கள். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் வழக்கமாக 15 நாள் அவகாசம் இருக்கும். அந்த 15 நாளில் ஒரு வாரம் உங்கள் தலைமையகத்தில் ஒப்புதலுக்கே போய்விடும். அதனால் நோட்டீஸுக்குக் காத்திராமல், ஆய்வு முடிந்த மாலையே குறைகளின் பட்டியலையும் யார் எப்போது சரிசெய்வார் என்பதையும் எழுதி மேலே அனுப்புங்கள்.

அவசரம் ஏன் என்றால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் இழப்பீட்டுச் சூத்திரம் நாள் கணக்கில் ஓடுகிறது. சிவப்பு வகை, அதாவது அதிக மாசு உண்டாக்கும் தொழிலுக்கு 80, ரூபாய்க் காரணி 250, பெரிய நிறுவனத்துக்கு 1.5, பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள இடத்துக்கு 1. பெருக்கினால் நாளுக்கு 30,000 ரூபாய், ஒரு மாதத்துக்கு 9 லட்சம். மீறல் கண்ட நாளில் தொடங்கி, சரிசெய்ததை வாரியம் சரிபார்க்கும் வரை ஓடும். நாசில் மாற்ற ஆகும் செலவை இதோடு வைத்துக் காட்டினால் கணக்குப் பிரிவு அன்றே கையெழுத்துப் போடும், நான் பார்த்திருக்கிறேன். இது தவிர, 2024இலிருந்து சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை தனியாக அபராதமும் விதிக்கலாம்.

பதிலில் கதை வேண்டாம். குறை, செய்தது, தேதி, பில் நகல், இடம் பதிவான படம், அவ்வளவுதான். வேலை முடிந்த அன்றே "சரிசெய்துவிட்டோம், நேரில் வந்து சரிபார்க்கவும்" என்று தனிக் கடிதம் கொடுத்து முத்திரையுடன் நகல் வாங்குங்கள். அதிகாரிகள் வர ஒரு மாதம் ஆனாலும், அந்த நாட்களை உங்கள் தலையில் கட்டக் கூடாது என்று வாதாட உங்களிடம் இருக்கும் ஒரே தாள் அது. அடுத்த ஜூன் 1 அல்லது டிசம்பர் 1 அறிக்கையில் இந்த ஆய்வையும் நோட்டீஸையும் பதிலையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். அமைச்சகத்தின் வட்டார அலுவலகத்துக்கு வாரியம் நகல் அனுப்பியிருக்கும்.